அந்த 4.7 கிலோ ஓம் எதற்கு?

அன்புள்ள தம்பி,

ஜமுனாமரத்தூர் பக்கத்துப் பள்ளிக்கூட மொட்டைமாடியில் நீ வைத்திருக்கும் கருவியின் ரெப்போவை முழுக்கப் படித்துவிட்டேன். இரவு வானத்தின் வெளிச்சத்தையும் மழையையும் பதிவு செய்கிற சின்னப் பெட்டி. ஸ்கீமாட்டிக், லேஅவுட், கமிட் வரிசை எதையும் விடவில்லை. கிட் எதற்கு, கைகேட் கோப்புகளில் எதை உள்ளே வைப்பது, எதை வெளியே விடுவது என்பதெல்லாம் உனக்குத் தெரிந்திருக்கிறது. அந்தப் பாடம் நமக்குள் வேண்டாம். உன்னைப் போல வீட்டில் உட்கார்ந்து போர்டு போடும் பிள்ளைகள் நம் பக்கத்தில் பெருகிவிட்டார்கள். அவர்களும் படிக்கட்டும் என்றுதான் உன் சம்மதத்தோடு இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

நேரே உறுத்திய இடத்துக்கு வருகிறேன். இரண்டாவது போர்டில் ஆர்-7, ஆர்-8 இரண்டையும் 10 கிலோ ஓமிலிருந்து 4.7 கிலோ ஓமுக்கு மாற்றியிருக்கிறாய். கமிட்டில் எழுதியிருப்பது: "சின்ன மாற்றம்."

ஏன் மாற்றினாய்?

நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒளி சென்சார் ஐ-ஸ்கொயர்-சி பஸ்ஸில் தொங்குகிறது. சென்சார் மாடியில், போர்டு கீழே மாடிப்படி அறையில். நடுவே இரண்டு மீட்டர் கேபிள் என்று படத்தில் தெரிகிறது. கேபிளும் இணைப்பிகளும் சிப்களும் சேர்ந்து ஒரு 200 பிகோஃபாரட் இருக்கும். 10 கிலோ ஓம் புல்-அப் வைத்தால் சிக்னல் ஏறுவதற்கு சுமார் 1.7 மைக்ரோ செகண்ட் ஆகும். 100 கிலோஹெர்ட்ஸ் வேகத்துக்கு விதி அனுமதிப்பது 1 மைக்ரோ செகண்ட். 4.7 கிலோ ஓம் வைத்தால் 0.8-க்கு இறங்கி விதிக்குள் வந்துவிடுகிறது. ஆக நீ செய்தது சரி. மலையில் சென்சார் அவ்வப்போது பதில் சொல்லாமல் போயிருக்கும், ஆஸிலோஸ்கோப்பில் பார்த்திருப்பாய், சதுரமாக இருக்க வேண்டிய அலை சுறாத்துடுப்பு மாதிரி சாய்ந்து கிடந்திருக்கும், ரெசிஸ்டரை மாற்றியிருப்பாய்.

இது என் ஊகம். வேறு காரணங்களும் இருக்கலாம். பனியில் இணைப்பி நனைந்து கசிவு ஏற்பட்டு, அதைச் சமாளிக்க மாற்றியிருக்கலாம். கடையில் 10 கிலோ ஓம் கிடைக்காமல் கையில் இருந்ததைப் போட்டிருக்கலாம். இந்த மூன்றுக்கும் போர்டு ஒன்றுதான், ஆனால் அதைத் தொட்டு அடுத்து செய்ய வேண்டியது மூன்று விதம். முதலாவது என்றால் அந்த மதிப்பை யாரும் கூட்டக் கூடாது. இரண்டாவது என்றால் ரெசிஸ்டரை விட்டுவிட்டு இணைப்பியை மாற்ற வேண்டும். மூன்றாவது என்றால் 10 கிலோ ஓமுக்குத் தாராளமாகத் திரும்பலாம். கோப்பைத் திறக்கிறவனுக்கு இதில் எது என்று தெரிய வழியே இல்லை.

அடுத்த வருஷம் நீ வேலை கிடைத்து ஓசூருக்கோ சென்னைக்கோ போய்விடுவாய் என்று வைத்துக்கொள். உன் போர்டை இன்னொரு பிள்ளை எடுத்துக்கொள்கிறான். பேட்டரி சீக்கிரம் தீர்கிறது என்று மின்சாரம் எங்கே போகிறது என்று தேடுகிறான். பஸ் தாழும்போதெல்லாம் 4.7 கிலோ ஓம் வழியாக 0.7 மில்லி ஆம்பியர் இறங்குவது கண்ணில் படுகிறது. 10 கிலோ ஓம் என்றால் அதில் பாதிகூட இல்லை. மாற்றுகிறான். மேசையில் ஒரு சாண் ஒயரில் சென்சாரை மாட்டிச் சோதிக்கிறான், அருமையாக ஓடுகிறது. மலைக்குக் கொண்டுபோய் மாடியில் மாட்டியதும் நின்றுவிடுகிறது. அங்கே செல்போன் சிக்னல் சரியாகக் கிடைக்காததால்தானே நீ எஸ்டி கார்டில் பதிவு செய்கிறாய்? கார்டை எடுக்க யாராவது ஏறிப்போகும் வரை நின்றதே தெரியாது. பல வார இரவுகள் போய்விடும். "இரண்டு மீட்டர் கேபிளில் ரைஸ் டைம் போதவில்லை, 10-லிருந்து 4.7, ஸ்கோப் படம் ஆவணக் கோப்புறையில்" என்று ஒரு வரி எழுதியிருந்தால் அவன் கை அந்த ரெசிஸ்டரைத் தொட்டிருக்காது.

எது மாறியது என்பதை இரண்டு கோப்புகளை ஒப்பிட்டு கிட் தானே சொல்லிவிடும். அதை நீ எழுதவே வேண்டாம். ஏன் மாறியது என்பது எந்தக் கோப்பிலும் இல்லை, உன் மனதில் மட்டும்தான் இருக்கிறது. மென்பொருள் எழுதுகிறவர்களுக்குக் கோடே பாதிக் காரணத்தைச் சொல்லிக் கொடுக்கும். பெயர்கள் இருக்கின்றன, சோதனைகள் இருக்கின்றன. ஒரு டிராக் ஏன் இரண்டு மில்லிமீட்டர் தள்ளிப் போகிறது என்று காப்பர் சொல்லாது. அதனால் நம் தொழிலில் கமிட் செய்தி அவர்களுடையதைவிட நீளமாக இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சண்டை போட்டு வருகிறேன். இங்கிலீஷ் வரவில்லை என்று "அப்டேட்", "ஃபிக்ஸ்" என்று முடித்துவிடாதே. தமிழில் எழுது, கிட் ஏற்றுக்கொள்ளும். ஆலங்காயத்துப் பையன் ஒருவன் பத்து வருஷம் கழித்துத் திறந்தாலும் படிப்பான்.

நான் தொழில் கற்ற பட்டறையில் கம்ப்யூட்டர் கிடையாது. மைலர் ஃபிலிமை ஒளிமேசையில் விரித்து, இரண்டு மடங்கு அளவில் கருப்பு டேப் ஒட்டித்தான் போர்டு வரைவோம். இரட்டைப் பக்க போர்டு என்றால் ஒரு பக்கத்துக்குச் சிவப்பு டேப், மறு பக்கத்துக்கு நீலம், ஒரே ஃபிலிமில்; கேமராவில் வடிகட்டிக் கண்ணாடி போட்டு இரண்டையும் பிரித்து எடுப்பார்கள். திருத்தம் என்றால் கத்தியால் டேப்பைக் கீறி எடுத்துவிட்டுப் புதிதாக ஒட்டுவது. பழைய பாதை அந்த நிமிஷமே போய்விட்டது, திரும்பிப் போக எந்தக் கட்டளையும் கிடையாது. மிஞ்சுவது அமோனியா பிரிண்ட் ஒன்றும், வரைபடத்தின் மூலையில் இருக்கும் திருத்த அட்டவணையும்தான். அதில் பதிப்பு எழுத்து, தேதி, திருத்தம், கையெழுத்து என்று கட்டங்கள். ஐ, ஓ என்ற எழுத்துகளை மட்டும் தாண்டிவிடுவோம், ஒன்று, பூஜ்யம் என்று படித்துவிடக் கூடாதே என்று.

அங்கே ஒரு டிராஃப்ட்ஸ்மேன் இருந்தார். அந்த அட்டவணையில் காரணம் எழுதும் வரை கத்தியைக் கையில் எடுக்க மாட்டார். எஞ்சினியர் அவசரம் என்று எதிரே நிற்பார். இவர் பென்சிலை நீட்டிக்கொண்டு நிற்பார். "டிராக் நகர்த்தப்பட்டது" என்று எழுதிக் கொடுத்தால் வாங்க மாட்டார். அது படத்திலேயே தெரிகிறதே, எதற்கு என்று எழுதுங்கள் சார் என்பார். ஒரு முறை அந்தக் கட்டத்தில் ஏறிய வரி, ஸ்குரூ தலை டிராக்கில் உரசுகிறது என்பது. எழுதிய எஞ்சினியர் வேறு ஊருக்குப் போய், டேப் போய் கம்ப்யூட்டர் வந்த பிறகு, அதே போர்டை மறுபடி வரைய நேர்ந்தது. திரையில் அந்த மூலை காலியாகத் தெரிந்தது, டிராக்கை அந்தப் பக்கமாகவே கொண்டுபோகலாம் போல இருந்தது. பழைய பிரிண்டில் அந்த வரியைப் பார்த்ததும் கையை எடுத்தோம். சோல்டர் மாஸ்க் இருந்தாலும் வாஷர் சுற்றச் சுற்ற அது கீறுபட்டு, கீழே உள்ள காப்பர் பாதை பெட்டியோடு சேர்ந்துவிடும். காலி இடம் சும்மா காலியாக இருக்கவில்லை என்பது அந்த ஒரு வரியால்தான் தெரிந்தது.

உன் மலையிலேயே இதைவிடப் பெரிய உதாரணம் இருக்கிறது. 1977 மார்ச் 10 இரவு, யுரேனஸ் ஒரு நட்சத்திரத்தை மறைக்கப் போகிறது என்று காவலூர் வானாய்வகத்தில் ஒரு மீட்டர் தொலைநோக்கியைத் திருப்பி வைத்துப் பதிவு செய்தார்கள். கிரகம் வருவதற்கு முன்பே நட்சத்திரத்தின் ஒளி சட்டென்று மங்கி மீண்டது. பட்டாச்சார்யாவும் குப்புசாமியும் அதை யுரேனஸின் புதிய துணைக்கோள் என்று கருதி 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். அதே மறைப்பை விமானத்தில் பறந்தபடி கவனித்த எலியட் குழு அது வளையங்கள் என்று கண்டுகொண்டது. அந்த ஆண்டு முடிவதற்குள் பட்டாச்சார்யாவும் வைணு பாப்புவும் யுரேனஸைச் சுற்றியுள்ள வளைய அமைப்பைப் பற்றி மறுபடி 'நேச்சரில்' எழுதினார்கள். விளக்கம் மாறியது. அந்த இரவு மாறவில்லை, அதன் பதிவு அப்படியே கையில் இருந்ததால் மறுபடி படிக்க முடிந்தது. ஆலங்காயத்திலிருந்து மேலே ஏறும் சாலையில் அந்தக் குவிமாடங்களைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். காவலூர் என்றால் எல்லோருக்கும் 1986-இல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கிதான் ஞாபகம் வரும். எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தப் பதிவு.

அதனால்தான் உன் ரெப்போவில் கெர்பர் கோப்புகளைத் தேடினேன். இல்லை. லேஅவுட்டிலிருந்து எப்போது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று விட்டிருப்பாய். எடுக்கலாம்தான், ஆனால் அன்று தொழிற்சாலைக்குப் போனதே வரும் என்று சொல்ல முடியாது. கைகேட் பதிப்பு மாறியிருக்கும், காப்பர் நிரப்பும் விதம் கொஞ்சம் மாறியிருக்கும், துளைக் கோப்பின் அமைப்பில் நீ வேறு டிக் போட்டிருப்பாய். அனுப்பிய ஜிப்பை அனுப்பியபடியே, கை வைக்காமல், அந்த கமிட்டுக்கு ஒரு டேக் போட்டு வைத்துவிடு. வாங்கிய உதிரிபாகப் பட்டியலையும் கூடவே வை. நீ என்ன வரைந்தாய் என்பது ஒரு பதிவு, அவர்கள் என்ன செய்தார்கள் என்பது இன்னொரு பதிவு.

இரண்டாவது எரிச்சலுக்கு வருகிறேன். நீ அனுப்பிய மூன்று போர்டுகளும் என் மேசையில் இருக்கின்றன. மூன்றிலும் சில்க்ஸ்கிரீனில் "பதிப்பு 1" என்றே இருக்கிறது. ஒன்றில் ஆர்-7 10 கிலோ ஓம். ஒன்றில் 4.7. மூன்றாவதில் கையால் ஒரு டிராக்கை வெட்டி நீல ஒயர் ஓட்டியிருக்கிறாய். அந்த ஒயர் ரெப்போவில் எங்கேயும் இல்லை. இந்த மூன்றில் எது எந்த கமிட் என்று கண்டுபிடிக்க லென்ஸை வைத்துக்கொண்டு ரெசிஸ்டர் எண்களைப் படிக்க வேண்டியதாயிற்று. போர்டு தன்னை யாரென்று சொல்லவில்லை என்றால் நீ ரெப்போவில் எவ்வளவு ஒழுங்காக இருந்தும் பலனில்லை. மலையில் வேலை செய்வது போர்டுதான், ரெப்போ இல்லை.

பதிப்பு எழுத்தைக் காப்பரிலேயே எழுது. சில்க்ஸ்கிரீன் மங்கும், பேடின் மேல் விழுந்தால் தொழிற்சாலையே வெட்டி விட்டுவிடும். காப்பர் எழுத்து எங்கும் போகாது. கைகேட்டில் பதிப்பைத் திட்டத்தின் உரை மாறியாக ஒரே இடத்தில் வைத்து, தலைப்புக் கட்டங்களிலும் போர்டிலும் அந்த மாறியையே போட்டுவிடலாம். அப்போது ஸ்கீமாட்டிக்கில் ஒன்று, போர்டில் ஒன்று என்ற குழப்பம் குறையும். பக்கத்தில் ஒரு வெள்ளைக் கட்டம் விடு, ஒவ்வொரு போர்டுக்கும் மார்க்கரால் வரிசை எண் எழுத. அந்த எண் பெயரில் ரெப்போவில் ஒரு சின்ன உரைக்கோப்பு: எங்கே வெட்டினாய், எங்கே ஒயர் ஓட்டினாய், எந்தப் பாகத்தை மாற்றினாய், ஏன்.

இன்னும் ஒன்று வேண்டும். இதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. ஃபர்ம்வேர் தான் எந்தப் பதிப்பு போர்டில் ஓடுகிறது என்று தானே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். ஒரு அனலாக் பின்னில் இரண்டு ரெசிஸ்டரை வைத்து, பதிப்புக்கு ஒரு மின்னழுத்தம் வரும்படி செய். ஒவ்வொரு பதிப்பிலும் ஒரு ரெசிஸ்டரின் மதிப்பை மட்டும் மாற்று. செலவு ஒரு ரூபாய்கூட ஆகாது. ராஸ்பெரி பை 2012-இல் வந்தபோது முதல் பதிப்பு போர்டில் வெளியே வந்த பின்கள் ஐ-ஸ்கொயர்-சியின் பூஜ்யமாவது பஸ்ஸில் இருந்தன. அதே ஆண்டில் வந்த இரண்டாம் பதிப்பில் அதே பின்கள் ஒன்றாவது பஸ்ஸுக்குப் போயின. வெளியிலிருந்து பார்த்தால் அதே இடம், அதே பின். பழைய நிரல்கள் புதிய போர்டில் சென்சாரைக் காணாமல் நின்றன. ஆனால் போர்டின் பதிப்புக் குறியீட்டை மென்பொருளால் படிக்க முடிந்ததால், நிரல் எழுதியவர்கள் முதலில் அதைக் கேட்டுவிட்டு, பிறகு எந்த பஸ்ஸைத் திறப்பது என்று முடிவு செய்தார்கள். 2019-இல் நான்காவது பையிலும் இப்படி ஒன்று நடந்தது. யூஎஸ்பி-சி சாக்கெட்டின் இரண்டு சிசி பின்களுக்கும் தனித்தனியாக 5.1 கிலோ ஓம் வைக்க வேண்டியதை ஒரே ரெசிஸ்டரில் சேர்த்துவிட்டார்கள். சிப் வைத்த சில கேபிள்களில் மின்சாரமே வரவில்லை. 1.2 பதிப்பில் சரிசெய்தார்கள். கையில் இருப்பது எது என்று வாங்கியவர் பதிப்புக் குறியீட்டின் கடைசி இலக்கத்தைப் பார்த்தே அறியலாம். ஒரு ரெசிஸ்டர் விவகாரம்தான், உன்னுடையதைப் போலவே.

இனி உன் போர்டின் இடிதாங்கும் மூலை. தம்பி, அதை நான் எத்தனை முறை பெரிதாக்கிப் பார்த்தேன் என்று சொல்ல முடியாது. மழைமானியின் கேபிள் போர்டுக்குள் நுழையும் இடத்திலேயே வாயுக்குழாய். அதற்குப் பிறகு தொடர் ரெசிஸ்டர். அதற்குப் பிறகு டிவிஎஸ் டயோடு. கடைசியில்தான் சிப்பின் பின். இடி கொண்டுவரும் மின்னோட்டம் இணைப்பியிலிருந்து ஸ்குரூ துளைக்கு அகலமான காப்பரில் நேரே இறங்கிவிடுகிறது, சென்சாரின் கிரவுண்டை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. கிரவுண்டுகள் ஒரே இடத்தில் சந்திக்கின்றன, அதுவும் சரியான இடத்தில். பெரிய அனுபவசாலிகள் போட்ட போர்டுகளில் டிவிஎஸ் டயோடைச் சிப்புக்குப் பக்கத்தில் வைத்து, இடியைப் போர்டின் நடுவே நடக்கவிட்டுப் பார்த்திருக்கிறேன். கோடை மழையின் இடி ஜவ்வாது மலையில் எப்படி விழும் என்று பார்த்து வளர்ந்த பிள்ளை போட்ட மூலை இது. இந்த ஒரு மூலைக்காக உன்னை யாரும் கண்ணை மூடிக்கொண்டு வேலைக்கு எடுக்கலாம். நான் ஒரு நிறுவனம் வைத்திருந்தால் இன்றே எடுத்திருப்பேன்.

இவ்வளவு நல்ல மூலை எப்படிப் பிறந்தது, முதலில் எப்படி இருந்தது, எந்த இடிக்குப் பிறகு இப்படி ஆனது என்று அறியும் ஆசையில் அந்த கமிட்டைத் திறந்தேன். "அப்டேட்." அதே கமிட்டில் கிரவுண்ட் காப்பரை மறுபடி நிரப்பியிருக்கிறாய், சில்க்ஸ்கிரீன் எழுத்துகளை எல்லாம் ஒழுங்காக அடுக்கியிருக்கிறாய். கைகேட் காப்பர் நிரப்பின் விளிம்புப் புள்ளிகளை எல்லாம் கோப்பிலேயே எழுதிவைக்கிறது. ஒரு வயாவை நகர்த்தினாலும் ஆயிரக்கணக்கான வரிகள் மாறுகின்றன. அந்தக் குவியலில் மூன்று பாகங்களின் இடமாற்றத்தை நான் தேட வேண்டியிருந்தது. மாற்றத்தை ஒரு கமிட்டில் வை, நிரப்புவதையும் அழகுபடுத்துவதையும் வேறொன்றில் வை. லேஅவுட்டில் ஒரே நேரத்தில் இரண்டு பேர் கை வைக்க வேண்டாம். இரண்டு கிளைகளில் நகர்ந்த காப்பரை எந்த மெர்ஜும் ஒன்றாகச் சேர்த்துத் தராது. போர்டை வரி வரியாக ஒப்பிட்டுப் பார்ப்பதில் அதிகம் பலன் இல்லை, படமாகத்தான் பார்க்க வேண்டும். கைகேட்டின் ஏழாம் பதிப்பிலிருந்து கட்டளை வரியிலேயே ஒவ்வொரு அடுக்கையும் படமாக எடுக்கலாம். பழையதைச் சிவப்பாகவும் புதியதைப் பச்சையாகவும் ஒன்றின் மேல் ஒன்று வைத்தால் ஒரு நொடியில் தெரிந்துவிடும். மைலர் காலத்தில் இரண்டு ஃபிலிமை ஒளிமேசையில் அடுக்கிப் பார்த்ததும் இதையேதான்.

கைகேட்டை 1992-இல் பிரான்ஸில் ஷான்-பியர் ஷாரா என்ற ஆசிரியர் தொடங்கினார். அதன் கோப்புகள் படிக்கக்கூடிய உரையாக இருப்பதால்தான் நான் வீட்டிலிருந்தபடியே உன் போர்டைக் கமிட் கமிட்டாக நடந்து பார்க்க முடிந்தது. நாங்கள் டாஸில் ஓடிய மென்பொருளில் வரைந்த காலத்தில் கோப்பைத் திறக்க அந்த மென்பொருளே வேண்டும். ஃபிளாப்பியின் மேல் தேதியை எழுதி டப்பாவில் போட்டு வைப்போம். அவற்றில் பல இன்று எந்தக் கம்ப்யூட்டரிலும் திறக்காது. அந்த அமோனியா பிரிண்டுகளை இன்னும் படிக்கலாம். கம்ப்யூட்டரில் வரையும் வசதி, பிரிண்டைப் போலப் படிக்க முடிகிற வசதி, உனக்கு இரண்டும் சேர்ந்தே கிடைத்திருக்கிறது. அதில் காரணத்தை மட்டும் எழுதாமல் விடுவதுதான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அடுத்த போர்டை ஆர்டர் செய்வதற்கு முன் ஒன்று பதில் எழுது. மழைமானியின் ரீட் ஸ்விட்ச்சுக்கு 10 கிலோ ஓமும் 100 நானோஃபாரட் சி-12-உம் போட்டிருக்கிறாய். நேர மாறிலி 1 மில்லி செகண்ட். வாளி கவிழும்போது காந்தம் ஸ்விட்ச்சைக் கடக்க அதைவிட அதிக நேரம் எடுக்கும், அந்த நேரத்தில் தொடுப்பு துள்ளலாம், ஒரு கவிழ்ப்பு இரண்டாக எண்ணப்படலாம். ஃபர்ம்வேரில் அதைத் தடுத்திருக்கிறாயா? தேடினேன், எனக்குத் தட்டுப்படவில்லை. தடுத்திருந்தால் எந்தக் கோப்பு என்று சொல். தடுக்கவில்லை என்றால் இதுவரை எடுத்த மழை அளவுகளை ஒரு முறை சோதித்துப் பார். எப்படிச் சோதித்தாய் என்பதை கமிட்டில் எழுது.

அன்புடன்,
உன் பெரியப்பா முறையில் ஒருவன்,
ஆலங்காயம்